மீதியைக் கேட்க

என் வீட்டுக்காரருக்குக் குரல்வளையை எடுத்த அன்று, மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுதேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, உயிரு தப்பிச்சுருச்சுல்லா" என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்த அழுகையில் பாதிதான் பயம். மீதிப் பாதி நிம்மதி. இனிமேல் அந்தக் குரலை நான் கேட்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு என்னைக் கொடுமைக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

அவர் போலீஸ்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ஸ்டேஷன்களிலேயே காலம் முழுவதும் ஓட்டியவர். கடைசி வருடங்களில் தோளில் நட்சத்திரம் ஏறிவிட்டது என்றாலும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். ஸ்டேஷனில் மகன் வயது இன்ஸ்பெக்டர்கள் "யோவ் ஏட்டு" என்பார்கள். அதையெல்லாம் வாங்கிக்கொண்டு ராஜபாளையம் வந்து, வாசலில் பைக்கை நிறுத்தும்போதே "ஏட்டி!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணை ஏட்டி என்று கூப்பிடுவது வழக்கம்தான். அம்மா மகளைக் கூப்பிடுவாள், சிநேகிதி சிநேகிதியைக் கூப்பிடுவாள், அதில் ஒரு குறையும் இல்லை. சொல்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் சொன்னால் சட்டையைப் பிடித்துத் தூக்குவது போல இருக்கும். அங்கே ஏட்டு என்று வாங்கியதை, ஒரே ஒரு எழுத்தை மாற்றி, இங்கே என் தலையில் இறக்கிவிடுவார் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை.

கை நீட்டியது மூன்றே மூன்று தடவை. மூன்றும் எனக்குக் கிழமையோடு தெரியும், அன்று என்ன குழம்பு என்பதோடு தெரியும். மற்ற நாளெல்லாம் குரல்தான். குரல் தினமும் உண்டு.

நான் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். உலகத்துப் புண்ணுக்கெல்லாம் துணி மடித்துப் பழகிய கை, ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கழுத்து ஓட்டைக்கும் மடித்தது. தொண்டைக்குழியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துவாரம். மூச்சு அதன் வழியாகத்தான். இருமினால் சளி அதன் வழியாகத்தான். அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்தேன். எனக்கும் கொஞ்சம் நல்லபெயர் வேண்டுமே, அதனால் சொல்கிறேன்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே எங்கள் மகள் அவருடைய போனில் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் வைத்திருந்ததைப் பார்த்தாளாம். நாம் எழுதினால் அது வாசிக்கும். "இது ஒரு ஆப்பு அம்மா" என்றாள். வாய்க்கு லேசாக அப்படிச் சொன்னாள். அது பின்னால் எங்களுக்கு நிஜமாகவே ஆப்பு வைக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

முதல் ஏழு நாள் எல்லாமே சும்மா. ஏழு நாளும் என்ன ஒரு அட்டகாசம்! ஆண் குரலில் மட்டும் ஐந்து வகை. இருப்பதிலேயே கட்டையான குரலை எடுத்துக்கொண்டார். நமக்கென்று உள்ள சொற்களைச் சேர்த்துவைக்க ஒரு இடம் இருந்தது. அது புத்தகத் தமிழ் மட்டும் தெரிந்த யந்திரம். ஊர்ப் பேச்சை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூக்கில் குழாயோடு சாய்ந்து படுத்திருந்த மனிதர், ஒற்றை விரலால் அதில் முதலில் சேர்த்த சொல் எது தெரியுமா?

"ஏட்டி, ஃபேன போடு" என்றது போன்.

என் நிம்மதி அந்த நிமிடமே செத்தது. தொண்டையை வெட்டி எடுத்தும் அந்தச் சொல் வெளியே வந்துவிட்டதே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. எழுந்துபோய் ஃபேனைப் போட்டேன்.

ஏழாம் நாள் நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டாம் நாள் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ எழுதி அமுக்கினார். வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரு பெண்குரல், சுத்தமான உச்சரிப்பில் சொன்னது:

"ஏட்டு, காப்பி கொண்டு வா."

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன், ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும்.

நடந்தது இதுதான். ஏழு நாள் முடிந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டுப் படம் விழுந்துவிட்டது. ஆண் குரல் வேண்டுமா, அப்கிரேடு செய். நீயாகச் சேர்த்த சொல் வேண்டுமா, அப்கிரேடு செய். தனக்குத் தெரியாத சொல் எது வந்தாலும் தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லாக அதுவே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்தை நிறுத்தவும் அப்கிரேடு. ஒரு தடவைக்கு நாற்பது எழுத்துதான் வாசிக்கும். அதிலும் ஒரு அயோக்கியத்தனம். நம் எழுத்தில் இருக்கிற புள்ளியையும் கொம்பையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணும். இங்கிலீஷ்காரனுக்கு நாற்பது என்றால் தமிழில் பேசுகிறவனுக்கு இருபதுதான். எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அதற்குத் தடையே கிடையாது. வாசிக்கும்போதுதான் நடுவில் அறுத்துப்போடும். மூன்று வாக்கியத்துக்கு ஒரு விளம்பரம் வேறு. விளம்பரம் திரை முழுவதையும் மூடிக்கொள்ளும், அதை மூடுகிற பெருக்கல் குறி அரை நிமிடம் கழித்துத்தான் மூலையில் முளைக்கும்.

பேச முடியாதவனுக்கு என்று ஒன்றைச் செய்துவிட்டு அதில் பேச்சையே பூட்டிவைக்கிறான் என்றால், எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதை யோசித்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? சோறு போட்டு, வாயைத் திறக்கத் தனிக்காசு கேட்கிறவன். அவனை நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். இன்னொன்றும் கவனித்தேன். ஆம்பளைக் குரலுக்குக் காசு, பொம்பளைக் குரல் சும்மா. இது மட்டும் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அதற்கு அவன் கேட்டது ஒன்றும் பெரிய தொகை இல்லை. பென்ஷன் வாங்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள். அங்கேதான் அவளைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். அப்பாவுடைய கார்டை வாங்கிப் போனில் நம்பர்களை அடித்தாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாங்கி மெசேஜெல்லாம் என் போனுக்கு வரும்படி மாற்றியிருந்தோம். அதனால் ஓடிபி என் போனுக்குத்தான் வரவேண்டும்.

"அம்மா, ஒனக்கு மெசேஜ் வருதான்னு பாரு" என்று முன்னறையிலிருந்து கேட்டாள்.

என் போன் அடுப்படித் தட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். ஆறு இலக்கம். பூரி எண்ணெயில் உப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆறு இலக்கத்தை நான் வாய்விட்டுப் படித்தால், கட்டைக்குரல் திரும்பி வந்துவிடும். ஏட்டி திரும்பி வந்துவிடும்.

"வரலையேட்டி" என்றேன்.

மறுபடி அனுப்பினாள். மறுபடி டிங். மறுபடி வரவில்லை என்றேன். மூன்றாவது தடவையும் அப்படியே. போலீஸ்காரர் பெண்டாட்டி என்பதால், ஓடிபியை எவன் கேட்டாலும் சொல்லாதே என்று வருடக்கணக்கில் எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நெட்வொர்க்கு சரியில்ல போல" என்று மகள் எழுந்தாள். "என் கார்டுல போட்டுரலாம். ஆனா அது அவியகிட்டல்லா இருக்கு." அவிய என்றால் அவள் புருஷன். நாங்கள் மரியாதைக்கு உரியவரை அப்படித்தான் சொல்வோம். மாதச் சம்பளக்காரியின் கார்டு எதற்காக அவியகிட்ட இருக்கிறது என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். பூரி கருகிவிடும் என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவராகவும் ஒரு தடவை முயன்றார். நான் மெசேஜை அழித்துவிட்டு, வரவில்லை என்று கையை விரித்தேன். அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த நான்கு மாதம் அந்த வீட்டில் நான் ராணி. கோபம் வந்தால் அவர் படபடவென்று எழுதுவார். பெண்குரல் அதைச் சாவகாசமாக, மரியாதையாக, பாதியில் அறுத்து வாசிக்கும். "ஏட்டு, நீ இவ்வளவு நேரமாக எங்கே போய்" என்று நின்றுவிடும். மூன்றாவது வாக்கியத்தில் விளம்பரம் வந்துவிடும். விளம்பரம் முடிவதற்குள் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் பசி தாங்காமல், "எம்புட்டு நேரம்" என்று எழுதினார். எம்புட்டு என்றால் எவ்வளவு என்று யந்திரத்துக்குத் தெரியாது. "எம் புட்டு நேரம்" என்று வாசித்தது. நான் இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மாவு நனைத்து, புட்டு அவித்து, அரைமணி நேரம் கழித்துத் தட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

"புட்டுதான கேட்டிய" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து புட்டைப் பிசைந்து தின்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிரத்தான் செய்தது.

அந்த ஐப்பசி மழையில் ஒரு நாள், பள்ளிக்கூடம் இருக்கிற நாளில், மகள் வீட்டுக்கு வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. பீரோக் கதவு இடித்துவிட்டது என்றாள். அவர் எழுந்து வந்து அவள் தாடையை ஒரு விரலால் தூக்கி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வந்த எத்தனை பெண்களின் கன்னத்தைப் பார்த்தவர். பீரோக் கதவுக்கு நான்கு விரல் கிடையாது என்று அவருக்குத் தெரியும். எனக்கும்தான் தெரியும்.

"யார்" என்று எழுதினார். பெண்குரல் "யார்" என்றது.

மகள் பாயில் உட்கார்ந்து அழுதாள். கார்டைத் திருப்பிக் கேட்டாளாம். அதற்குத்தான். இது முதல் தடவையும் இல்லையாம். சாயங்காலம், கைக்குழந்தை அங்கே இருக்கிறதே என்று திரும்பிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பது எழுத்துக்குள் அடங்கும்படி பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டார். எழுதுவார், விரல்விட்டு எண்ணுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். ஏழாம் கிளாஸ் பையன் கட்டுரை எழுதுவது போல இருந்தது. அப்போதாவது நான் என் போனை எடுத்து நீட்டியிருக்கலாம். இரண்டே நிமிட வேலை. ஆனால் நீட்டினால் இத்தனை நாள் பொய் சொன்னது தெரிந்துவிடுமே. அவரே எப்படியாவது சமாளித்துக்கொள்வார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கழுத்துக்கு நான் புதிதாக மடித்த துணி. பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.

சம்பந்தி வீட்டு முன்னறையில் சம்பந்தி, அவர் மனைவி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர். எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். நானும் முப்பத்தொரு வருடம் அப்படித்தான் நின்றேன், அதே இடத்தில்.

அவர் தொண்டையைச் செருமப் பார்த்தார். பழக்கம். கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. போனை மடியில் வைத்து முதல் துண்டை அமுக்கினார். மாப்பிள்ளை முறுக்கிக்கொள்ளக் கூடாது என்று, அவ்வளவு கோபத்திலும் அவிய என்றே மரியாதையாக எழுதியிருந்தார். மாப்பிள்ளை அவிய செஞ்சது தப்பு. இதுதான் அவர் எழுதியது.

"மாப்பிள்ளை அவியல் செய்தது தப்பு" என்றது பெண்குரல்.

சித்தப்பா கேட்டார், "ஏலே, நீ எப்பலே அவியல் செஞ்ச?"

மாப்பிள்ளை சிரித்தான். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடினாள். "எங்க வீட்ல இன்னைக்கு அவியலே இல்லியே சம்பந்தி, சாம்பார்லா வச்சிருக்கு" என்றார் சம்பந்தி. அறை முழுவதும் சிரிப்பு.

அவருக்குக் காது சிவந்தது. இரண்டாவது துண்டை அமுக்கினார். அது ஒழுங்காக வாசித்ததா இல்லையா என்றே தெரியவில்லை, சிரிப்பில் யாரும் கேட்கவில்லை. அவசரத்தில் மூன்றாவது துண்டை விட்டுவிட்டு, துண்டு போடாமல் முழுசாக எழுதிவைத்திருந்த ஒன்றை அமுக்கிவிட்டார்.

"இன்னொரு தடவை என் மகள் மேல் கை வைத்தால்" என்றது குரல்.

இப்போது சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை முகம் மாறியது. நான் பார்த்தேன், நிஜமாகவே மாறியது. சம்பந்தி நாற்காலியில் நிமிர்ந்தார். வைத்தால் என்ன என்று அத்தனை பேரும் அந்தப் போனையே பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். குழந்தைகூட அழுகையை நிறுத்தியிருந்தது.

அதே பெண்குரல், அதே மரியாதையோடு, அடுத்து சொன்னது: "மீதியைக் கேட்க அப்கிரேடு செய்யுங்கள்."

அதற்குப் பின்னாலேயே ஒரு சீட்டு விளையாட்டு விளம்பரம் குதித்து வந்தது. "இன்னொரு ஆட்டம் போடலாமா மக்களே?" என்று ஒருத்தி கூவினாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் எழுந்து, போனைச் சம்பந்தியின் முகத்துக்கு நேராக நீட்டினார். வாசிக்காவிட்டால் போகிறது, எழுதியிருப்பதைப் படியுங்கள் என்று கையால் காட்டினார். ஆனால் திரை முழுவதும் விளம்பரம். ராஜாவும் ராணியும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை விரலால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒரு காலத்தில் இந்த ஊரில் ஒரு அதட்டலில் தெருவைக் காலி செய்த மனிதர், பெருக்கல் குறி முளைக்கட்டும் என்று கையில் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, மொதல்ல ரீசார்ஜ் பண்ணிட்டு வாங்க. பொறவு பேசுவோம்" என்றார் சம்பந்தி.

அவருக்குத் தொண்டை இல்லை. எனக்கு இருந்தது. நான் பேசியிருக்கலாம். என் மகளை அடித்தவன் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் வாயைத் திறந்தே பழகாத என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர்கள் கொடுத்த காப்பியை வேறு வாங்கிக் குடித்தேன்.

வாசல்வரை வந்த மகள் என் கையைப் பிடித்து இழுத்து, மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவ இனிமே இங்க கூட்டிட்டு வராதம்மா. பாக்க முடியல. பொறவு எனக்குத்தான் கஷ்டம்."

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். போன் அவர் மடியில் கிடந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மம்சாபுரம் போகிறவர்கள் இரண்டு பேர் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டு நடத்துனரோடு சண்டை போட்டார்கள். நான் போனை எடுத்தேன். விளம்பரம் போயிருந்தது. அவர் எழுதியது பெட்டிக்குள் அப்படியே இருந்தது. எழுதியதில் யந்திரம் கைவைப்பதில்லை, வாசிக்கும்போதுதான் அதற்குத் திமிர். ஊர்ப் பேச்சில் அவர் எழுதியிருந்ததைப் படித்தேன்.

இன்னொரு தடவ எம்மக மேல கை வச்சா அவ உங்களுக்குச் சோறு பொங்குவா, துணி தொவைப்பா, புள்ள வளப்பா, ஆனா உங்கள மனுசனா மதிக்க மாட்டா மாப்பிள்ள. நான் கை வச்சவன். மூணு தடவ. இந்தா பக்கத்துல உக்காந்துருக்கவள. அவ எதுவும் சொல்லல. அது எம்புட்டுப் பெரிய தண்டனன்னு எனக்கு இப்பதான் தெரியுது. அவகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்குத் தொண்ட இருந்தப்ப வாய் வரல.

மூன்று தடவை என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரும் எண்ணி வைத்திருந்திருக்கிறார்.

அதை நான்கு பேர் நடுவில், என் மகள் கேட்க, அந்த மாப்பிள்ளைப்பயல் கேட்க, அவர் எனக்காகச் சொல்ல வந்திருக்கிறார். அதை அறுத்தது அந்தக் குளிர்ந்த அறைக்காரன் மட்டும் இல்லை. அவன் பூட்டினான், சாவி என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நான்கு மாதம் கிடந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. மகள் செய்ததைப் பார்த்திருந்தேன், அதே மாதிரி நம்பரை அடித்தேன். என் இடுப்புச் சுருக்குப் பையில் இருந்த போன் டிங் என்றது. ஆறு இலக்கத்தையும் அடித்தேன். பூட்டெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, மேலே ஒரு கிரீடம் வந்தது. அவர் போட்டுவைத்திருந்த கட்டைக்குரல், சேர்த்துவைத்திருந்த சொல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எதையும் அவன் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் இல்லை என்றிருக்கிறான்.

போனை அவரிடம் நீட்டினேன். "இப்ப முழுசாச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவர் போனை வாங்கி, தான் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தார். பிறகு விரலை அழுத்திப் பிடித்து, மொத்தத்தையும் அழித்தார். வெற்றுப் பெட்டியில் வேறு எதையோ நிதானமாக எழுதினார். அமுக்கினார். நான்கு மாதம் கழித்து அந்தக் கட்டைக்குரல் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டது:

"அன்னைக்கும் அடுப்படில இதே டிங் சத்தந்தான் கேட்டுச்சு. மூணு தடவ. தொண்டதான் போச்சு. காது போகல."

நான் கார்டை அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தேன். அவர் மறுபடி போனுக்குள் போய், ஆண் குரலை மாற்றிப் பழைய பெண்குரலைத் தேர்ந்தெடுத்தார். ராஜபாளையம் வந்தபோது அந்த வானிலைக்காரி சொன்னாள், "ஏட்டு, இறங்கு."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் அங்கேதான் இருக்கிறாள். கார்டு என்ன ஆனது என்று கேட்டால் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிறாள். கன்னத்தைப் பற்றி எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால் வெளிச்சம் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருகிறாள்.

மாதாமாதம் ஓடிபி வருகிறது. டிங் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, ஆறு இலக்கத்தையும் சத்தமாகப் படிக்கிறேன். கட்டைக்குரல் திறந்துதான் கிடக்கிறது, அவர் தொடுவதில்லை. திருத்தத்தை நிறுத்தும் பொத்தானும் திறந்துதான் கிடக்கிறது. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் பேசலாம், அவர் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. "ஏட்டு, காப்பி." "ஏட்டு, துணி." இன்ஸ்பெக்டர் ஏவுகிற மாதிரி ஏவுகிறார், நான் செய்கிறேன். வாசலிலிருந்து ஒரே ஒரு தடவை ஏட்டி என்று கத்த மாட்டாரா என்று இருக்கிறது. எவளிடம் போய் இதைச் சொல்ல முடியும்?

போன வாரம் அவருக்குக் கழுத்துத் துணி மாற்றும்போது பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் ஏட்டி என்றுதான் எழுதுகிறார், பெண்குரலுக்கு மாற்றியதும் யந்திரம்தான் பழையபடி திருத்தி வாசிக்கிறது என்று அதுவரை ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்பில்தான் இரண்டு வருடத்தை ஓட்டியிருந்தேன். அவர் விரல் எழுத்து எழுத்தாகப் போனது. யந்திரம் எதையும் திருத்தவில்லை. அவரே ஏட்டு என்றுதான் எழுதினார்.